கலைச்சொல் வேண்டும்: சைலன்சருக்கு ஒரு சொல் போதுமா?

ஓசூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை எட்டுப் பக்கக் கையேடு ஒன்று அச்சுக்குப் போகிறது. பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களின் சத்தத்தை அளப்பதும் குறைப்பதும்தான் பொருள். என் மாணவர்கள் ஆர்எக்ஸ் 100, ஆர்டி 350, பழைய புல்லட் என்று சில வண்டிகளைச் சரிசெய்து ஒரு தனியார் நிலத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, பிள்ளைகள் தூங்க முடியவில்லை என்றார்கள். நியாயமான பேச்சு.

அளக்கும் முறையைத் தமிழில் எழுதுவதில் சிக்கல் இல்லை. ஒலிமானியைப் புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, அதே உயரத்தில், புகை வரும் திசைக்கு 45 பாகை சாய்வில் வைக்கவேண்டும். எல்லா வண்டியையும் ஒரே சுற்றில் முறுக்கி அளந்தால் நியாயமாக இருக்காது. அதனால் பிஸ்டனின் சராசரி வேகத்தை விநாடிக்கு 11 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறோம். 30,000-ஐ 11-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக் நீளத்தால் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம், மில்லிமீட்டரில்) வகுத்தால் நிமிடச் சுற்று கிடைக்கும். ஆர்எக்ஸ் 100-க்கு ஸ்ட்ரோக் 50, ஆகவே 6,600 சுற்று. புல்லட் 350-க்கு ஸ்ட்ரோக் 90, சுமார் 3,670 சுற்று.

சிக்கல் சைலன்சரில். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் நடுவே உப்பியிருக்கும் குழாயையும் சைலன்சர் என்கிறோம், அதன் கடைசியில் சத்தத்தைக் குறைக்கும் பகுதியையும் சைலன்சர் என்கிறோம். போன மாதம் ஒரு மாணவன், 'சைலன்சர்தானே சார்' என்று உப்பிய பகுதியை அறுத்துவிட்டு நேர்க்குழாயைப் பற்றவைத்தான். சத்தமும் கூடியது, பிக்கப்பும் போனது. பிழை அவனுடையது அல்ல, சொல்லுடையது. இரண்டு சொற்கள் தாருங்கள்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஒலியடக்கி என்று ஏற்கெனவே புழங்குகிறது. எனக்கு அதில் நிறைவில்லை. ஒலி என்பது பொதுச்சொல், வீணையும் ஒலிக்கும். இங்கே பேச்சு இரைச்சலைப் பற்றியது. தொல்காப்பியர் உரியியலில் 'கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள' என்கிறார், நான்கும் இரைச்சலைக் குறிக்கும் என்று பொருள். நான்கு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் ஒலியோடு நிற்கவேண்டும்? 'கம்பலைத் தணிப்பி' என்பது என் முன்மொழிவு.

அழுங்கலுக்கு இரக்கம், கேடு என்ற பொருள்களையும் அடுத்த நூற்பாவே தருகிறது. அரவமே துயரமும் ஆகிறது. உங்களிடம் வந்து நின்ற ஊர்க்காரர்களின் நிலை அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. இன்னொன்றும் நெடுநாளாக மனத்தில் உண்டு: சும்மை என்றால் அரவம், 'சும்மா இரு' என்றால் அரவமில்லாமல் இரு. இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்குமோ?

கிருஷ்ணகிரி, பட்டறை நடத்துபவர்:

ஐயா, சும்மை ஆராய்ச்சி இருக்கட்டும். கம்பலை என்று எழுதினால் என் பட்டறைப் பையன் கம்பளி என்று படிப்பான். உதிரிபாகக் கடையில் சைலன்சர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அந்தச் சொல்லை ஏன் மாற்றவேண்டும்?

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் 'அடக்கி' மட்டும் வேண்டாம். எதுவும் அடங்குவதில்லை. துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை இறுக்கிச் சுற்றுகிறோம், சத்தம் குறைகிறது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் ஊறி அந்தப் பஞ்சு கெட்டியானதும் பழைய சத்தம் திரும்ப வருகிறது. பஞ்சு மாற்றுவதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள், பாதிப் பேர் அதை மறக்கிறார்கள்.

பெங்களூரு (சொந்த ஊர் பாலக்கோடு), பொறியாளர்:

பட்டறை அண்ணன் சொல்வது சரி. ஒலியாற்றல் பாதியானால் மானியில் 3 டெசிபல்தான் இறங்கும், காதுக்கு அது மிகச் சிறிய மாற்றம். சத்தம் பாதியானதுபோல் தோன்றச் சுமார் 10 டெசிபல் இறங்கவேண்டும். அதற்கு ஆற்றலைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். ஆகவே தணிப்பு என்பதே நேர்மையான சொல். தணிப்பானா, தணிப்பியா? மின்தேக்கி, கருவி என்ற வழியில் இகரமே போதும், கருவிக்கு ஆண்பால் சாயல் கொண்ட ஆன் விகுதி எதற்கு? மின்னணுவியலில் தணிப்பி வேறு பொருளில் வருவதால், முன்னே 'ஒலி' சேர்த்து ஒலித்தணிப்பி என்போம்.

உப்பிய குழாய்க்குச் சிலர் 'விரிவறை' என்கிறார்கள். வடிவத்தை மட்டும் பார்த்து வைத்த சொல் அது. நடப்பது வேறு. புகை வெளியேறும்போது ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. விரியும் கூம்பிலிருந்து உறிஞ்சும் அலை திரும்பி வந்து உருளையிலுள்ள (சிலிண்டர்) புகையை இழுக்கிறது. குறுகும் கூம்பிலிருந்து அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே தப்பிய புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் புகைத்துளை மூடுமுன் உள்ளே தள்ளுகிறது. திரும்பும் அலைதான் அதன் உயிர். 'மீளலைக் குழல்' என்று வைத்தால் உங்கள் மாணவன் அறுக்கும்முன் ஒரு நிமிடம் யோசிப்பான்.

இந்தக் குழலை 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் செம்மைப்படுத்தியவர் வால்டர் காடன். அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் நாட்டைவிட்டு வெளியேறிச் சுசுகிக்கு அந்த நுட்பத்தைக் கொண்டுபோனார். 1962-இல் 50 சிசி உலகப் பட்டமும் வென்றார். அதே சுசுகியின் கூட்டில்தான் 1980களில் ஓசூரில் வண்டிகள் செய்யப்பட்டன. நம் பகுதிக்கு இந்தக் குழலோடு உறவு உண்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளில் கடைசிவரை விரிந்துகொண்டே போகும் குழாய் இருக்குமே, அதற்கு நாகசுரத்தின் 'அணசு' என்ற பெயரையே வைக்கலாம். பார்த்தவுடன் புரியும்.

தருமபுரி, தமிழாசிரியர்:

அணசு மிக அழகு, கம்பலையை அதற்காக விட்டுக்கொடுக்கலாம். சைலன்சருக்கு உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டுக்கு என்ன பெயர்? தகடு என்றதும், எங்கள் தருமபுரியின் பழைய பெயரான, அதியமான் ஆண்ட தகடூர் நினைவு வருகிறது. ஊர்ப்பெயரில் உள்ளது இரும்புத் தகடுதான் என்பது என் எண்ணம். ஔவை புறநானூற்றின் 95-ஆம் பாட்டில், தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி நெய் பூசிக் கிடக்கின்றன, அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். அந்தப் பட்டறைக்கு அங்கே உள்ள சொல் கொல்துறை. நிமிடத்துக்கு 6,600 சுற்று ஓடி வந்த வண்டி கிடக்கும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்கும் கையேட்டில் கொல்துறை என்றே போடுங்கள்.

கிருஷ்ணகிரி, பட்டறை நடத்துபவர்:

ஐயா, கொல்துறை என்று பலகை வைத்தால் யார் வண்டியை விடுவார்கள்? பாட்டு பிரமாதம், பெயர் வேண்டாம்.

ஓசூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தில் நாளை காலை கேட்கிறார்கள். தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன். ஒலித்தணிப்பிக்கு ஆறு பேர், ஒலியடக்கிக்கு மூன்று பேர். மீளலைக் குழலுக்கு ஐந்து, விரிவறைக்கு நான்கு. முதல் முறை 'ஒலித்தணிப்பி, அதாவது சைலன்சர்' என்று எழுதிவிட்டுப் பிறகு தமிழ்ச்சொல்லோடு போகிறேன். அணசுக்கு எதிர்ப்பே இல்லை. தடுப்புத் தகடு அப்படியே இருக்கட்டும், பட்டறையும் பட்டறையாகவே இருக்கட்டும்.

கிருஷ்ணகிரி, பட்டறை நடத்துபவர்:

சரி சார். ஆனால் பக்கத்தில் படம் போடுங்கள், எது தணிப்பி எது குழல் என்று அம்புக்குறியோடு. பையன் கடையில் சைலன்சர் என்றுதான் கேட்பான், நானும் அப்படித்தான் கேட்பேன்.

தருமபுரி, தமிழாசிரியர்:

சும்மையைப் பற்றி யாரும் பதில் எழுதவில்லை. அச்சு வேலை முடியட்டும், அப்புறம் தனி இழையில் எழுதுகிறேன்.