நடுவில் தொங்கிப்போன அலமாரித் தட்டுகள்: உங்கள் கதையையும் எழுதுங்கள்

மரத்தூள்
நாலடி நீளம், 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), இரண்டு முனையிலும் தட்டைத் தாங்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் முளைகள். உங்களுக்குத் தெரிந்த அதே ரெடிமேட் அலமாரிதான். அகராதிகளை அடுக்கிய புதிதில் தட்டு நேராகவே இருந்தது. ஒரு நாள் புத்தகங்களுக்கு முன்னால் ஒரு முனையில் பேனாவை வைத்தேன். மெல்ல உருண்டு நடுவில் போய் நின்றது. எடுத்து அடுத்த முனையில் வைத்தேன், அங்கிருந்தும் நடுவுக்கே வந்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பார்த்தாலும் வளைவு போகவில்லை. பார்ட்டிகிள் போர்டு என்றாலே இப்போது எனக்கு ஆகாது.

கோடைமழை
திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா? நான் போட்டேன். நடு தூக்கிக்கொண்டு நின்றது, பாரம் ஏற ஏறச் சமமாகிவிட்டது. வீட்டில் ஒரே பெருமை. அப்புறம் பார்த்தால் மறுபக்கமும் தொங்க ஆரம்பித்துவிட்டது.

இழைப்புளி
மரத்தூள், பலகையைத் திட்டுவதில் பாதிதான் நியாயம். எங்கள் வீட்டில் தொங்கியது தேக்கு! ஐந்தடி நீளம், முக்கால் அங்குலத் தடிமன். கீழே இருந்த கண்ணாடிக் கதவைத் திறக்கப் போனால் தட்டின் வயிறு இடித்தது. கதவுதான் உப்பிவிட்டது என்று சட்டத்தை இழைக்கவே அப்பா கிளம்பிவிட்டார்.

குற்றவாளி நீளம்தான். தட்டு முழுக்கப் புத்தகம் என்றால், நீளம் இரண்டு மடங்கானதும் தொய்வு 16 மடங்காகும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். நெருக்கி அடுக்கினால் மீட்டருக்கு 30 கிலோ தாராளமாக வரும். பார்ட்டிகிள் போர்டுக்கு நல்ல மரத்தின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது, அதனால் அதில் இரண்டடிக்கு மேல் போகாதீர்கள். 18 மி.மீ. பிளைவுட் என்றால் இரண்டரை அடி. அதற்கு மேல் வேண்டுமா, முன் விளிம்புக்கு அடியில் 40 மி.மீ. அகல மரச்சட்டத்தை நிமிர்த்தி வைத்துப் பசையும் ஸ்குரூவும் போடுங்கள். படுக்கவைத்து ஒட்டினால் அது அழகுக்குத்தான். பின்பலகையோடும் தட்டைச் சேர்த்து முடுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, ஏற்றிய அன்று இறங்கியதோடு கதை முடியாது. பாரம் நிரந்தரமாக இருந்தால் மரம் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். கோடைமழை திருப்பிப் போட்டது வாய்தா வாங்கிய மாதிரிதான்.

கோடைமழை
கேட்டது அனுபவம். வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை.

வாசகி
எனக்குப் புரியாமல் இருந்தது இதுதான்: ஒரே பிளைவுட் ஷீட்டில் அறுத்த இரண்டு தட்டுகள், ஒரே நீளம், ஒரே பாரம். ஒன்று நேராக நிற்கிறது, மற்றது தொங்குகிறது. கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நேராக இருந்ததில் மேல்தாளின் (வெளிப்பக்கம் ஒட்டிய மெல்லிய மரத்தாள்) ரேகை நீளவாட்டில் ஓடுகிறது, தொங்கியதில் குறுக்கே. ஷீட் மிச்சமாகட்டும் என்று அறுத்தவர் திருப்பி வைத்து அறுத்திருக்கிறார்.

மரத்தூள்
இழைப்புளி சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் நடுவில் ஒரு முட்டு கொடுத்தால் தீர்ந்தது என்று அடுத்து யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. மேல் தட்டு நிமிர்ந்துவிட்டது. முட்டு நிற்பது கீழ்த் தட்டின் நடுவில் அல்லவா, இப்போது அது தொங்குகிறது. தரைவரை ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் முட்டு வைக்க வேண்டுமாம்.