எம்.ஜி.ஆர். பிறந்தது கண்டி இல்லை, நாவலப்பிட்டி!

நாவலப்பிட்டியான்:
காலையில் ஒருவர் அனுப்பிய பிறந்தநாள் படத்தில் ‘கண்டி தந்த மக்கள் திலகம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17ஆம் திகதி பிறந்தது நாவலப்பிட்டியில். எத்தனை தடவை சொல்வது?

கண்டி மைந்தன்:
நாவலப்பிட்டி எந்த மாவட்டம்? கண்டி மாவட்டம்தானே? அப்புறம் என்ன பிழை? தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் கண்டி என்றுதான் சொல்வார்கள்.

நாவலப்பிட்டியான்:
அவர்களுக்கு இலங்கை மலையகம் முழுக்கக் கண்டிதான். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வந்தவர்களையே ‘கண்டிச் சீமைக்குப் போனான்’ என்பார்கள். இங்கே இருக்கிற நீங்களுமா? 1874இலேயே ரயில் வந்த ஊர் எங்களுடையது. பதுளைக்குப் போகும் பெரிய பாதையில் இருக்கிறோம். கண்டிதான் பேராதனையில் பிரியும் கிளைப் பாதையில் இருக்கிறது.

ஹட்டன் தம்பி:
எந்த ஊரானால் என்ன அண்ணன்? தகப்பன் இறந்து, அம்மா சத்யபாமா பிள்ளைகளை வளர்த்தது கும்பகோணத்தில். நாடகக் கம்பனியில் சேர்ந்ததும் இந்தியாவில்தான். இங்கே கொழுந்துக் கூடை சுமந்தவரா அவர்? நாம் உரிமை கொண்டாட என்ன இருக்கிறது?

நாவலப்பிட்டியான்:
தம்பி, என் பாட்டி காம்பராவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படம் இருந்தது. விளக்குப் புகை பட்டு ஓரமெல்லாம் கறுத்துப்போய்விட்டது, கழற்ற விடவில்லை. ‘நம்ம ஊருப் புள்ள’ என்பார். அந்த உரிமை போதாதா? அவருடைய முதல் படம் 1936இல் வந்த சதிலீலாவதி. அந்தக் கதையின் நாயகன் கூலியாகப் போவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு. தெரியாமல் எழுதாதீர்கள். பிறந்தது நாவலப்பிட்டி.

நடிகர் திலகம் ரசிகன்:
இலங்கை மண்ணில் வந்து நடித்தது சிவாஜிதான். 1978, பைலட் பிரேம்நாத், சிங்கள நடிகை மாலினி பொன்சேகாவோடு. உங்கள் ஆள் இங்கே எந்தப் படத்தில் நடித்தார்?

நாவலப்பிட்டியான்:
சிவாஜியை இங்கே யார் கேட்டது? போன மாதம் டி.எம்.எஸ். பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள். 1965இல் எம்.ஜி.ஆர். சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தாரே, அதெல்லாம் கணக்கில் இல்லையா?

நடிகர் திலகம் ரசிகன்:
வந்து போவது வேறு, நடிப்பது வேறு. நடிப்பு என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொண்டு வாருங்கள்.

ஹட்டன் தம்பி:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கண்டி மைந்தன்:
என் கேள்விக்கும்தான். நாவலப்பிட்டி கண்டி மாவட்டமா இல்லையா?

நாவலப்பிட்டியான்:
உங்கள் சொந்த ஊரைக் கேட்டால் ‘மத்திய மாகாணம்’ என்றா சொல்வீர்கள்?

கண்டி மைந்தன்:
கண்டி என்றுதான் சொல்வேன். நான் பிறந்ததே கண்டி ஆஸ்பத்திரியில்.

நாவலப்பிட்டியான்:
சரி, அதேபோல அவர் ஊரையும் பேரோடு சொல்லுங்கள். நாவலப்பிட்டி.