தோல் நோய்ப் படங்களுக்கு எந்தக் கேமரா வாங்குவது?

கேள்வி: தாதி, சுங்கை சிப்புட்

வணக்கம். இங்குள்ள சிறிய தனியார் கிளினிக் ஒன்றில் பணிபுரிகிறேன். சுற்றியுள்ள செம்பனை, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து படை, ஒவ்வாமை, ஆறாத புண் என்று வருவோரைப் படம் எடுத்து, ஈப்போவிலுள்ள தோல் நிபுணருக்கு அனுப்பி ஆலோசனை பெறுகிறோம். கைப்பேசிப் படங்களில் வியர்த்த தோல் ஃபிளாஷ் பட்டு வெள்ளைத் திட்டாகப் பளபளக்கிறது. கருத்த மேனியில் தடிப்பின் சிவப்பு தெரிவதில்லை. சென்ற மாதப் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தாலும், புண் சுருங்கியதா விரிந்ததா என்று நிபுணரால் கூற முடியவில்லை. புதிய கேமரா வாங்க டாக்டர் சம்மதித்துள்ளார். மெகாபிக்சல் அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுப்பதா, கைப்பேசியில் பொருத்தி, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியே போதுமா?

பதில்: மருத்துவப் புகைப்படக் கலைஞர், ஈப்போ

சகோதரி, நீங்கள் சொன்ன குறைகளில் ஒன்றுகூட மெகாபிக்சலால் தீராது. 12 மெகாபிக்சலே தாராளம். கேமரா பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பணத்தை லென்ஸிலும் வெளிச்சத்திலும் போடுங்கள். கைப்பேசியை மிக நெருக்கமாகக் கொண்டுபோனால் அதன் அகலக்கோண லென்ஸ் நடுப்பகுதியைப் புடைத்துக் காட்டும். சிறியவற்றைப் பெரிதாகப் படம்பிடிக்கும் 60 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் இருந்தால் சற்று விலகி நின்றே எடுக்கலாம். உருவமும் மாறாது, உங்கள் நிழலும் விழாது.

பளபளப்புக்கு மருந்து, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியான போலரைசர்தான். ஃபிளாஷின் மேல் ஒரு போலரைசர் தாளும், லென்ஸின் மேல் அதற்கு 90 பாகை திருப்பிய இன்னொன்றும் பொருத்தினால், தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி தடுக்கப்படும். தோலுக்குள் புகுந்து சிதறி வெளிவரும் ஒளி மட்டுமே பதிவாவதால், அடியிலுள்ள சிவப்பும் நிறமியும் தெளிவாகத் தெரியும். ஆனால் செதிலும் சொரசொரப்பும் இதில் மங்கிவிடும் என்பதால், போலரைசர் இல்லாமலும் ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

நிறத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தானியங்கி அமைப்பு கருத்த தோலை வெளுப்பாக்கிவிடும்; அருகில் வெள்ளை விரிப்பு இருந்தால் மாறாக இருட்டாக்கிவிடும். கருத்த மேனியில் சிவப்பு பெரும்பாலும் ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ தோன்றுவதால், இந்தச் சிறு பிழையும் நோயை மறைத்துவிடும். லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200 என்று கையால் அமைத்து, ஃபிளாஷின் வலுவையும் வெள்ளைச் சமநிலையையும் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) நிலையாக வையுங்கள். நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிபார்க்க, முதல் படத்தில் 18 விழுக்காட்டு ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டை இருக்கட்டும்.

ஒப்பிடுவதற்கு, லென்ஸில் 1:4 போன்ற ஓர் அளவில் (கேமராவின் உணரியில் உருவம் உண்மை அளவில் கால் பங்காக விழும்) குவியத்தை நிறுத்திவிட்டு, தெளிவு வரும்வரை உடலை முன்பின் நகர்த்துங்கள். அடுத்த முறையும் அதே அளவு. அளவுகோலைப் புண்ணின் மட்டத்திலேயே வைக்க வேண்டும்.

கேள்வி: தாதி

மிக்க நன்றி ஐயா. பால்மரம் சீவிய பெரியவர் ஒருவருக்கு உள்ளங்காலில் கரும்புள்ளி உள்ளது. டெர்மாஸ்கோப் வாங்கும்வரை பொறுத்து, அதில் படம் எடுத்து அனுப்பலாமா?

பதில்: தோல் மருத்துவர், பினாங்கு

பொறுக்க வேண்டாம். கருத்த மேனியுடையோருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவதே அதிகம். புள்ளி புதிதாகத் தோன்றியிருந்தாலோ வளர்ந்துகொண்டிருந்தாலோ, படத்தை அல்ல, ஆளையே உடனே நிபுணரிடம் அனுப்புங்கள். டெர்மாஸ்கோப் ஏறத்தாழ 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நல்ல கருவிதான். உள்ளங்காலில் நிறமி ரேகைப் பள்ளங்களில் ஓடுகிறதா, மேடுகளில் ஓடுகிறதா என்பதை அதில்தான் பார்க்க முடியும், மேடுகளில் ஓடினால் கவலைப்பட வேண்டும். எனினும், உடலில் எங்கே, எவ்வளவு பரப்பில் என்பதை அது காட்டாது; ஆகவே மேக்ரோ கேமராவுக்கு அது மாற்றாகாது, துணை மட்டுமே.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உடல்நலத் தகவலுக்குப் பொதுவாக வெளிப்படையான ஒப்புதல் தேவை. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்தில் பெறுங்கள். படங்கள் எவருடைய சொந்தக் கைப்பேசியிலும் தங்கக் கூடாது.

பதில்: தாதி

பெரியவருக்கு டாக்டர் இன்றே பரிந்துரைக் கடிதம் எழுதிவிட்டார். முதலில் மேக்ரோ லென்ஸ், ஃபிளாஷ், போலரைசர், சாம்பல் அட்டை ஆகியவற்றை வாங்குகிறோம். டெர்மாஸ்கோப் அடுத்த கட்டத்தில்.