எக்ஸ் − 2ஒய் < 0: கோட்டின் எந்தப் பக்கத்தை நிழலிட வேண்டும்?

கேள்வி

வணக்கம். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் நேரிய அசமன்பாடுகளை வரைபடம் மூலம் தீர்க்கும் முறையைப் பயின்று வருகிறேன். எக்ஸ் + ஒய் ≤ 6, எக்ஸ் − 2ஒய் < 0, எக்ஸ் ≥ 0 ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறைவு செய்யும் பகுதியைக் காண வேண்டும். விடைப் பக்கத்தில் ஒரு முக்கோணம் தரப்பட்டுள்ளது; எனக்கோ ஒய் அச்சை ஒட்டிக் கீழ்நோக்கி எல்லையின்றி விரியும் பகுதியே கிடைக்கிறது. இரண்டாம் அசமன்பாட்டில் ஆதிப்புள்ளியைப் பிரதியிட்டால் 0 < 0 என வருகிறது. அதனால் ‘<’ குறியைப் பார்த்துக் கோட்டிற்குக் கீழே நிழலிட்டிருக்கிறேன். எந்தப் படி தவறானது என்று விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்

எக்ஸ் = 2ஒய் என்னும் கோடு ஆதிப்புள்ளியின் வழியாகவே செல்கிறது. கோட்டின் மீதே கிடக்கும் புள்ளியால் எந்தப் பக்கத்தையும் சுட்ட முடியாது என்பதால், கோட்டில் இல்லாத வேறொரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். (0, 1) என்று கொண்டால் 0 − 2 = −2; இது 0-ஐ விடச் சிறியது, ஆகவே அப்புள்ளி இருக்கும் மேற்பக்கமே தீர்வு. ‘<’ என்றால் கீழே என்னும் விதி, ஒய் இடப்புறத்தில் மிகைக் கெழுவுடன் தனித்து நிற்கும்போது மட்டுமே பொருந்தும். இங்கே −2ஒய் < −எக்ஸ் என மாற்றி −2ஆல் வகுக்கும்போது குறி திரும்பி, ஒய் > எக்ஸ்/2 ஆகிவிடுகிறது. இனி (0, 0), (0, 6), (4, 2) ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட முக்கோணம் உங்களுக்கும் கிடைக்கும். எக்ஸ் = 2ஒய் கோடு தீர்வில் சேராது என்பதால், அதை மட்டும் துண்டு துண்டான கோடாக வரையுங்கள்.

இரண்டாம் பதில்

மூன்று நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பொதுப் பகுதி கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே ஒவ்வொரு கோட்டிலும் வேண்டாத பக்கத்தை நிழலிட்டு, தீர்வை வெண்மையாக விட்டுவிடும் வழக்கமும் உண்டு. எனக்கு அதுவே தெளிவாகப் படுகிறது. தேர்வில் இம்முறையைப் பின்பற்றினால், வெண்பகுதியே தீர்வு என்று கட்டாயம் எழுதிவிடுங்கள். வரைந்ததைச் சரிபார்க்க ஜியோஜீப்ரா என்னும் கணித வரைபட மென்பொருளில் அசமன்பாட்டை அப்படியே உள்ளிடலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி, இப்போது முக்கோணம் சரியாக அமைகிறது. அடுத்து, நேரிய கட்டுப்பாடுகளுக்குள் ஓர் அளவின் மீப்பெரு அல்லது மீச்சிறு மதிப்பைக் காணும் நேரியல் திட்டமிடல் படிக்க இருக்கிறேன். எக்ஸின் மீப்பெரு மதிப்பு 4 என்று (4, 2) முனையிலிருந்து எழுதலாமா?

முதல் பதிலளித்தவர்

எழுத இயலாது. அம்முனை துண்டு துண்டாக வரைந்த கோட்டில் இருப்பதால் தீர்வில் சேராது. 4 − 4 < 0 என்பது பொய். எக்ஸ் 4-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், ஆனால் எட்டாது. ஆகவே இங்கு மீப்பெரு மதிப்பே இல்லை. மூன்று முனைகளில் (0, 6) மட்டுமே தீர்வில் அடங்கும். நேரியல் திட்டமிடலில் கட்டுப்பாடுகளை ≤ அல்லது ≥ கொண்டே அமைப்பது இதனால்தான். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு நகர்ந்து விடை தேடுவது. முனைகள் தீர்வுப் பகுதிக்குள் இருந்தால்தான் அது நடக்கும். உங்கள் கணக்கில் ‘<’ குறியை ‘≤’ என மாற்றிப் பாருங்கள். அப்போது (4, 2) தீர்வில் சேர்ந்து, மீப்பெரு மதிப்பு 4 ஆகும்.