ஹெட்போன் ஆம்ப் மாற்றினால் என்ன மாறுகிறது? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

அம்பை 300 ஓம்

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 650. அதன் தடை (மின்சாரத்தை எதிர்க்கும் அளவு) 300 ஓம், அதாவது அதிகம் என்பதால், "நல்ல ஆம்ப் (சிக்னலைப் பெரிதாக்கி ஹெட்போனுக்குத் தரும் பெட்டி) இல்லாமல் இதைக் கேட்பது வீண்" என்று வாங்கும்போதே ஆளாளுக்குச் சொன்னார்கள். முதலில் லேப்டாப் ஜாக், அப்புறம் ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் (போனிலோ லேப்டாப்பிலோ சொருகி ஹெட்போனை மாட்டும் துண்டு ஒயர்), இப்போது மேசையில் உட்காரும் ஒரு டாக்-ஆம்ப் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக்கும் டாக்கும் ஆம்பும் ஒரே பெட்டியில்). மூன்றிலும் அதே ஹெட்போன், அதே பாட்டுகள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

டாங்கிளிலிருந்து மேசை ஆம்புக்கு வந்தபோது கூடியது சத்தம் எவ்வளவு தூரம் ஏறும் என்கிற வரம்புதான். கம்பெனிக் கணக்குப்படி எச்டி 650 ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும். டாங்கிள் தருவதும் அதிகபட்சம் ஒரு வோல்ட் (ஐரோப்பாவுக்கென்று விற்கும் மாடல் அரை வோல்ட்). இப்போதைய சினிமாப் பாட்டுகளில் சத்தத்தை ஏற்கெனவே நெருக்கி ஏற்றித்தான் விடுகிறார்கள். அவற்றுக்கு இது தாராளம். நான் அதிகம் கேட்பது காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். என்னிடம் இருக்கும் பதிவுகளில் பல மெல்லிய அளவில் ஏறியவை. அவற்றுக்கு டாங்கிளில் வால்யூமை முழுக்க வைத்தும் இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. மேசை ஆம்பில் குமிழ் பாதியைத் தாண்டுவதே இல்லை.

மற்றபடி, திரை விலகியது, மேடை விரிந்தது என்றெல்லாம் எழுதுகிறார்களே, அது எனக்கு நடக்கவில்லை. இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டால் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. காருகுறிச்சியார் காலமானது 1964-இல். அன்றைக்குத் தட்டிலும் டேப்பிலும் ஏறியது எவ்வளவோ அவ்வளவுதான் இன்றைக்கும் வரும்.

இன்னொன்று. பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்த டாங்கிள் தன் முழு வோல்ட்டேஜுக்கு ஏறுவதில்லை, லேப்டாப்பில் ஏறுகிறது. போனில் மட்டும் கேட்டுவிட்டு "டாங்கிள் மொக்கை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

டவுண் ரேடியோ செட்

தம்பி சொன்ன கணக்கு சரி. நான் வேறு வழியாக இந்தப் பக்கம் வந்தவன். கோயில் கொடைகளுக்கு (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) ரேடியோ செட் (மைக், ஸ்பீக்கர்) கட்டப் போன காலத்தில் ஹெட்போன் ஆம்ப் என்று தனிப் பெட்டி எதையும் நான் பார்த்ததில்லை. வீட்டில் எல்ஏ4440 என்ற ஆம்ப் ஐசி போட்ட அசெம்பிள் செட் ஒன்று உண்டு. அதன் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சாக்கெட் எடுத்து அதில் ஹெட்போனை மாட்டுவோம். (இதைப் படித்துவிட்டு யாரும் பிரிட்ஜ் செய்த (இரண்டு ஆம்பை ஒரு ஸ்பீக்கருக்குச் சேர்த்துக் கட்டிய) போர்டில் இப்படி எடுத்துவிடாதீர்கள். அதில் இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்ட் கிடையாது, ஐசி போய்விடும்.)

அந்த சாக்கெட்டில் 32 ஓம் ஹெட்போன் மாட்டினால் பேஸ் கொழகொழவென்று இருக்கும். அதே ஹெட்போன் வாக்மேனில் இறுக்கமாகப் பாடும். காரணம் அந்த 330 ஓம்தான். ஹெட்போனின் தடை எல்லா சுரத்துக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கீழ்ப்பக்கம், டயாஃப்ரம் (ஒலி எழுப்பும் சவ்வு) தானாகவே ஆடத் துடிக்கிற இடத்தில், தடை மேலே ஏறும். ஆம்பின் வெளித் தடை (அதன் அவுட்டில் இருக்கும் தடை, இங்கே அந்த 330 ஓம்) அதிகமாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வோல்ட்டேஜ் போய்ச் சேரும். ஆடுகிற டயாஃப்ரத்தைப் பிடித்து நிறுத்தும் பிடியும் தளர்ந்துவிடும். அதனால்தான், ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் வெளித் தடை போகக்கூடாது என்று பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். இன்றைய மேசை ஆம்ப்களில் டிரான்சிஸ்டர், ஐசி வைத்தவை பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கீழே. தம்பி சொன்ன டாங்கிளும் ஒரு ஓம் அளவில்தான்.

ஆகவே என்னைக் கேட்டால், ஆம்ப் மாற்றும் முன் மூன்றைப் பார்ப்பேன். நீங்கள் கேட்கும் அளவுக்குச் சத்தம் எட்டுகிறதா? பாட்டு இல்லாதபோது இரைச்சல் வருகிறதா? வெளித் தடை எவ்வளவு? மூன்றும் ஒழுங்காக இருந்தால் பத்தாயிரத்தை இருபதாயிரமாக்கினாலும் காதுக்கு ஒன்றும் வராது. பெட்டியில் "6 வாட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. பவரை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க, ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். எச்டி 650-இல் 110 டெசிபல் எழுப்பவே 17 மில்லிவாட் போதும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்குக் கல்யாணச் சமையல் அண்டா எதற்கு?

மேலப்பாளையத்தான்

அண்ணாச்சி, ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ? 32 ஓம்தானே, போனே ஓட்டிவிடும் என்று கடையில் சொன்னார்கள். போனில் கம்மியாகத்தான் கேட்கிறது.

டவுண் ரேடியோ செட்

ஓமை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். அது பிளேனர் வகை (தட்டைச் சவ்வு முழுக்கக் காந்தங்களுக்கு நடுவே ஆடுவது), ஒரு மில்லிவாட்டுக்கு 91 டெசிபல்தான் தருகிறது. 110 எட்ட 80 மில்லிவாட் பக்கம் வேண்டும், அதாவது 1.6 வோல்ட். 2 வோல்ட் தரும் டாங்கிள்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் பாரும். ஒரு நல்ல விஷயம், பிளேனரில் தடை மேலும் கீழும் ஆடாது. நான் சொன்ன கொழகொழப்பு அதில் வராது.

வள்ளியூர்க் காற்று

அண்ணாச்சி இரைச்சல் என்றதும் என் கதை. ஆம்பிலிருந்து ம்ம்ம் என்று விடாமல் ஒரு சத்தம். "ஆம்ப் சரியில்லை, மேல் மாடலுக்குப் போ" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை, ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தேன். ஆம்பின் பின்பக்கமிருந்து மேசை ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கியதும் ஹெட்போனில் சத்தம் நின்றது. கம்ப்யூட்டர் மூன்று பின், ஸ்பீக்கர் மூன்று பின், இரண்டும் வேறு வேறு பிளக் பாயின்ட். இரண்டு எர்த்துக்கும் நடுவில் என் ஆம்ப் மாட்டிக்கொண்டிருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்த வளையத்தில் சுற்றி, அதன் மடங்குகளோடு சேர்ந்து காதுக்கு வந்தது.

கம்ப்யூட்டரில் ஆப்டிகல் அவுட் இருந்தது. யூஎஸ்பி ஒயருக்குப் பதில் ஆப்டிகல் கேபிள் போட்டேன். அதில் போவது வெறும் வெளிச்சம், செம்பு இல்லை, வளையம் அறுந்தது. சில நூறு ரூபாயில் முடிந்த காரியம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தது. எலக்ட்ரீசியன் வந்து எர்த் குழியைத் திறந்தால் உள்ளே பொடிமண். உப்பும் கரியும் போட்ட குழிதான், ஆனால் வெயில் காலத்தில் ஈரம் இல்லாவிட்டால் எர்த் பிடிக்காது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இப்போது பங்குனி பிறந்தால் அம்மாவே வாழைக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றிவிடுகிறாள்.

இன்வெர்ட்டரில் கேட்பவர்கள் கவனிக்க: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் உறுமும், சில ஆம்ப்களில் அந்த உறுமல் காது வரைக்கும் வரும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கொடைப் பதிவு

நான் வில்லுப்பாட்டு, கணியான் கூத்துப் பதிவுகள் செய்கிறவள். ராத்திரி கோயிலில் பதிவு, பகலில் பாளையங்கோட்டை வீட்டில் எடிட்டிங். கையில் இருப்பது பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம், மூடிய வகை. ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இருக்கிற ஜாக்கிலேயே கேட்கிறேன். தனி ஆம்ப் இரவல் வாங்கி ஒரு சீசன் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வில்லுப்பாட்டில் பேச்சு நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று குடத்தில் ஓர் அடி, கூடவே வில்லின் மணிகள் மொத்தமும். அந்த அடி சராசரிச் சத்தத்தைவிட 20 டெசிபல் மேலே போகும். ஆம்பில் இடம் இல்லையென்றால் முதலில் அங்கேதான் நசுங்கும். கூத்தில் இரண்டு மகுடம் (தோல் வாத்தியம்), உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. மந்த மகுடத்தின் அடி தட்டையாகக் கேட்டால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். இவை இரண்டும்தான் என் சோதனை. இன்டர்ஃபேஸ் ஜாக்கிலேயே இரண்டும் ஒழுங்காக வந்தன, தனி ஆம்பில் கூடுதலாக எதுவும் வரவில்லை.

எனக்குப் பெரிய மாற்றம் தந்தது திறந்த ஹெட்போனை விட்டு மூடியதற்கு வந்ததுதான். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு எடிட் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்! திறந்த ஹெட்போனில் ஃபேன் சத்தம் அப்படியே உள்ளே வரும். ஆம்பின் இரைச்சல் உச்சச் சத்தத்துக்கு 120 டெசிபல் கீழே இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். சிடியின் 16 பிட்டே ஏறக்குறைய 96 டெசிபலோடு நின்றுவிடும், அதற்கும் வெகு முன்பே ஃபேன் வந்து நிற்கும்.

ஆம்புக்கு ஒரே ஒரு நியாயமான காரணம் நான் கண்டது ஈக்வலைசர். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு பவர் வேண்டும். சாஃப்ட்வேரில் உடையாமல் இருக்க மொத்தச் சத்தத்தையும் அதே அளவு முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். அப்படி இறக்கியதை ஈடுகட்ட ஆம்பில் மிச்சம் இருந்தால் நல்லது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற சாஃப்ட்வேர் இலவசம். காசு செலவழிக்கும் முன் ஒருமுறை அதை முயன்று பாருங்கள்.

தென்காசிச் சாரல்

எல்லோரும் கணக்கு வாத்தியார்களாகவே இருக்கிறீர்களே! என்னிடம் ட்யூப் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய கண்ணாடி வால்வு வைத்தது) இருக்கிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை, 6எஸ்என்7, 6ஏஎஸ்7 என்ற ட்யூப்கள் போட்டது. என் 300 ஓம் ஹெட்போனில் பாடகர் குரல் கொஞ்சம் சதை பிடித்தாற்போல் வருகிறது. எனக்கு அது பிடிக்கிறது. ஆனியில் குற்றாலத்துப் பக்கம் சாரல் அடிக்கும்போது அந்த ட்யூப் சூடும் மேசையில் இதமாகத்தான் இருக்கிறது. பங்குனியில் அதை நான் போடுவதில்லை என்பதும் உண்மை.

டவுண் ரேடியோ செட்

உமக்குக் கேட்பது பிரமை இல்லை. அந்த வகையில் வெளித் தடை 100 ஓம், அதற்கு மேலும் இருக்கும். எச்டி 650 மாதிரி ஹெட்போனில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் தடை 500 ஓம் வரை ஏறும். 120 ஓம் ஆம்பில் மாட்டினால் அங்கே ஒரு டெசிபல் போலக் கூடும். அதுதான் நீர் சொல்லும் சதை. பிடித்தால் கேளும். 32 ஓம் ஹெட்போனை மட்டும் அதில் மாட்டாதீர். ட்யூப் சூடேறிய பிறகே ஹெட்போனைச் சொருகும், அது ஆன் ஆகும்போது கொடுக்கும் தட்டு ஹெட்போனுக்கு நல்லதில்லை.

பாளை மல்டிமீட்டர்

"ஒரே அளவுச் சத்தத்தில் வைத்துக் கேட்டேன்" என்று அம்பைக்காரர் சொன்னார். அதைக் காதால் செய்ய முடியாது. ஒரு டெசிபல் கூடினால்கூட அதைச் சத்தம் என்று மனம் சொல்லாது, "தெளிவு" என்றுதான் சொல்லும். விலை கூடிய ஆம்புக்கு வரும் பாராட்டில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

நான் செய்யும் முறை இது. 100 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே, ஒய் கேபிளின் (ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கேபிள்) மறுமுனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளப்பேன். சாதாரண மீட்டருக்கு இந்த ஹெர்ட்ஸ் சுலபம். இரண்டு ஆம்பும் நூற்றில் ஒரு பங்குக்குள் ஒத்துவந்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் கீழே. அதன் பிறகு வேறொருவர் மாற்றி மாற்றிப் போட வேண்டும். எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. 16 முறை கேட்டு 12 சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் நாலுக்கும் குறைவு.

பெருமாள்புரத்தில் நண்பர்கள் கூடி இதைச் செய்தோம். ஆளுக்கொரு ஆம்ப் கொண்டுவந்திருந்தார்கள். எங்களில் யாரும் 12-ஐத் தொடவில்லை. அதில் மிக விலை கூடிய ஆம்ப் வைத்திருந்தவர் அதை இன்னும் விற்கவில்லை. வால்யூம் குமிழைத் திருகும் சுகத்துக்காக வைத்திருப்பதாகச் சொல்கிறார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, காசு அவருடையது.

எம்எஸ்யூ ஹாஸ்டல்

அண்ணாச்சி, என்னிடம் 16 ஓம் இயர்போன்தான் இருக்கிறது. ஐயாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய மேசை ஆம்ப் ஒன்று விலைக்கு வருகிறது, அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்ததாம். வாங்கலாமா?

டவுண் ரேடியோ செட்

முதலில் அடாப்டரைப் பார் தம்பி. "120 வோல்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230-இல் சொருகிய உடனே புகைதான். அப்படிப்பட்ட ஆம்ப்களில் சிலவற்றுக்கு உள்ளே போக வேண்டியது 15, 16 வோல்ட் ஏசி. லேப்டாப் சார்ஜர் டிசி தருவது, அது உதவாது. டிரான்ஸ்ஃபார்மர் கட்டிக்கொள்ளலாம், 15-0-15-இல் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும். அதெல்லாம் எனக்கு வேலையே இல்லை, செய்து தருவேன்.

ஆனால் 16 ஓம் இயர்போனுக்கு அது வேண்டாம். அவ்வளவு சென்சிட்டிவான இயர்போனில் பெரிய ஆம்பின் உஸ்ஸ் சத்தம் கேட்கும். குமிழைத் துளி திருகினாலே காது அடைக்கும், அந்தத் துளியில் இடது வலது சமமாகவும் இருக்காது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்குள் கேள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உனக்கு வயசு இருக்கிறது. ஆயிரம் ரூபாய் சுற்றளவில் ஒரு டாங்கிள் போதும், மிச்சத்தை நல்ல ஹெட்போனுக்குச் சேர்த்துவை. அம்பைத் தம்பி, உம்ம பழைய டாங்கிள் சும்மாதானே கிடக்கிறது? ஒரு வாரம் இந்தப் பையனுக்குக் கொடுத்துப் பாரும்.

அம்பை 300 ஓம்

கொடுக்கலாம் அண்ணாச்சி. தம்பி, சனிக்கிழமை நான் ஜங்ஷன் வருவேன், வந்து வாங்கிக்கொள். உன் போன் ஆண்ட்ராய்டு என்றால் லேப்டாப்பிலும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்.