மறு: நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு மரபணு – ‘மசியாமை’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம். ‘ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ் ஜீன்’ (ஆன்டிபயாடிக் மருந்துக்கு பாக்டீரியா அடங்காமல் போக வைக்கும் மரபணு) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில், ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு மரபணு’ என்பதே போதும். நீளமானாலும் பொருள் தெளிவு.

நீளம்கூடப் பரவாயில்லை ஐயா, தெளிவுதான் இல்லை. செய்தித்தாள்களில் இதை ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்’ என்று சுருக்கிப் போடுகிறார்கள். நுண்ணுயிரின் திறனா, நுண்ணுயிரை எதிர்க்கும் நம் திறனா? புரோபயாடிக் (உடலுக்கு நன்மை தரும் என்று உண்ணும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) என்று வரும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. ‘எதிர்ப்பு சக்தி பெருகும்’ என்று விளம்பரம் செய்து விற்கிற தயிர்ப் பாக்டீரியாவில் ‘எதிர்ப்பு மரபணு’ இருக்கிறது என்று எழுதினால், வாங்குபவர் கூட ரெண்டு டப்பா எடுத்துக்கொண்டு போவார்.

‘தாங்குதிறன்’ காதுக்குப் பழகியதுதான். ‘வறட்சி தாங்கும் ரகம்’ ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நுண்ணுயிரியலில் டாலரன்ஸ் வேறு, ரெசிஸ்டன்ஸ் வேறு. மருந்து இருக்கும்வரை வளராமலும் எளிதில் சாகாமலும் கிடப்பது முன்னது. மருந்துக்கு நடுவிலேயே பெருகுவது பின்னது. தாங்குதிறனை முன்னதற்கு விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை ‘மருந்து மசியாமை’. மரபணுவுக்கு ‘மசியாமை மரபணு’. ‘எதற்கும் மசிய மாட்டேன் என்கிறது’ என்று பேச்சில் சொல்வதுதான். கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை என்று பெயர் வைத்துப் பழகிய மொழிக்கு இதன் ஈறு புதிதில்லை.

அப்புறம், அடைமொழிகள். உண்மையில் விவாதிக்க வேண்டியது இவற்றைத்தான். இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அந்த மருந்து பிடித்துக்கொள்ள வேண்டியது செல்சுவர் மூலப்பொருளின் நுனியில் இருக்கும் இரண்டு டி-அலனின் அமினோ அமிலங்களை. லியூகோநாஸ்டாக்கில் கடைசி அலனினுக்குப் பதில் டி-லாக்டேட் இருப்பதால் பிடி வழுக்கிவிடுகிறது. இது அதன் பிறவிக் குணம். லாக்டோபேசில்லஸ் இனங்கள் பலவற்றுக்கும் உண்டு. மருத்துவமனைகளில் அச்சமூட்டும் என்டெரோகாக்கஸும் இதே டி-லாக்டேட் தந்திரத்தைத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அது வெளியிலிருந்து வந்த வான்-ஏ மரபணுத் தொகுதியின் வேலை, பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. துண்டு) ஏறி அடுத்த பாக்டீரியாவுக்கும் போகும். விளைவு ஒன்று, ஆபத்து ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் இட்லி மாவை வீணாகப் பழிப்போம், அல்லது என்டெரோகாக்கஸைச் சும்மா விட்டுவிடுவோம்.

ஆகவே ‘பிறவி மசியாமை’, ‘வந்துசேர்ந்த மசியாமை’. (‘வந்தேறி’ வேண்டாம், அதை அரசியல் மேடைக்கே விடுவோம்.) இவற்றோடு மூன்றாவதாக ‘கைமாறும்’ என்பதும் தேவை. வந்துசேர்ந்ததெல்லாம் அடுத்ததற்குப் போய்விடுவதில்லை. மரபணுப் பிறழ்வால் வந்தது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். தயிர்களில் சேர்க்கும் பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாமை தரும் டெட்-டபிள்யூ மரபணு குரோமோசோமிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே இடம்பெயர உதவும் டிரான்ஸ்போசேஸ் மரபணுவும் இருப்பதால்தான் அதைப் பற்றி இவ்வளவு பேச்சு. லாக்டோபேசில்லஸ் ராய்ட்டெரியின் 55730 என்ற வகையிலோ டெட்-டபிள்யூ ஒரு பிளாஸ்மிடில் இருந்தது. லின்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாமை தரும் இன்னொரு மரபணு வேறொரு பிளாஸ்மிடில் இருந்தது. இரண்டு பிளாஸ்மிடுகளையும் நீக்கி உருவாக்கியதுதான் 17938 என்ற வகை. அந்த வேலை 2008இல் ஆய்விதழில் வெளிவந்தது. நீக்கியது கைமாறக்கூடியதை மட்டும். வான்கோமைசினுக்கு மசியாத பிறவிக் குணம் அப்படியே இருக்கிறது, அதனால் தொல்லையும் இல்லை.

‘கைமாறும்’ என்பதற்குக் ‘கடத்தத்தக்க’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி சரிதான், ஆனால் படித்ததும் தங்கக் கடத்தல்தான் நினைவுக்கு வருகிறது.

புரோபயாடிக் உணவுக்கான 2011ஆம் ஆண்டு ஐசிஎம்ஆர்–டிபிடி (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உயிரித் தொழில்நுட்பத் துறை) வழிகாட்டுதல்கள் இந்த மசியாமைக்கான சோதனையைக் கேட்கின்றன. அப்படியொரு அறிக்கையின் தமிழ் வடிவத்தில் இந்த வரி எப்படி இருக்கிறது, பாருங்கள்: “இவ்வகைக்கு வான்கோமைசினிடம் பிறவி மசியாமை உண்டு, கைமாறும் மசியாமை மரபணுக்கள் இல்லை.” ‘வான்கோமைசினிடம்’ என்பதா ‘வான்கோமைசினுக்கு’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் இழுபறி. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.