நழுவல்: பக்கம் தானாக இடம் மாறுவதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

வலைத்தள வேலைக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், பக்கத்தில் உள்ளவை தானாக இடம் மாறுவதைக் குறிக்கும் ‘லேஅவுட் ஷிஃப்ட்’ என்பதற்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது. போன வாரம் ஒருவர் ‘தளவமைப்பு நகர்வு’ என்று எழுதியிருந்தார். தவறில்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு என்ன நடக்கிறது என்று கண்ணில் தெரியவில்லை. நான் ‘நழுவல்’ என்று வைக்கிறேன். அது எனக்குக் கிடைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பாம்பனில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வாடைக்காலத்தில் வடக்குக் கடல் முரடாக இருக்கும். மறுநாள் இறங்கலாமா என்று முடிவு செய்யக் காற்றின் வேகம் தெரிய வேண்டும். அக்கா போனில் ஒரு வானிலைத் தளத்தைத் திறந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ‘நாளை’ என்ற பொத்தான் வந்தது, விரலைக் கொண்டுபோனார். விரல் கண்ணாடியில் படும் நேரம் பார்த்து மேலே ஒரு விளம்பரம் வந்து உட்கார, பக்கம் மொத்தமும் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. தொட்டது விளம்பரத்தில் பட்டு, ஏதோ கடன் தரும் செயலிக்குப் போய்விட்டது. திரும்பி வந்தார், மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவை போனை இடுப்பில் செருகிக்கொண்டு, “கையில பிடிச்ச மீனு மாதிரில்ல நழுவுது தம்பி. நான் கரைக்கே போய்க் கேட்டுக்கிறேன்” என்று நடந்துவிட்டார்.

அந்தத் தளத்துக்கு அவர் இனி வரமாட்டார். வெளிறிய சாம்பல் எழுத்து, தானே ஓடத் தொடங்கும் வீடியோ, மூடும் குறியை ஒளித்து வைத்த பாப்-அப் எல்லாமே ஆளை விரட்டுபவைதான். அவற்றையாவது பொறுத்துக்கொண்டு வேண்டியதைப் பார்த்துவிடலாம். நழுவும் பக்கம், நம் விரலை வைத்தே நாம் நினைக்காத ஒன்றைச் செய்துவிடுகிறது. அதனால்தான் இதற்கு நல்ல சொல் வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

கூகுள் 2020-இல் வெளியிட்ட வலைப்பக்க அளவைகளில் இதுவும் ஒன்று, ‘கியூமுலேட்டிவ் லேஅவுட் ஷிஃப்ட்’ என்று பெயர். கணக்கு எளிது. பாதித்த பரப்பு திரையில் எத்தனை பங்கு, பொருள் எவ்வளவு தூரம் தள்ளிப்போனது, இரண்டையும் பெருக்க வேண்டும். திரையில் பாதியை அடைத்திருந்த ஒரு பகுதி கால் திரை கீழே போனால், பழைய இடமும் புதிய இடமும் சேர்ந்து பாதித்த பரப்பு முக்கால், தூரம் கால்; பெருக்கினால் 0.1875. 0.1-க்குள் இருந்தால்தான் நல்ல பக்கம், 0.25-ஐத் தாண்டினால் மோசம். ஒரே ஒரு அசைவிலேயே நல்ல பக்கத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது பாருங்கள்.

சொல்லைத் தேர்ந்தெடுக்க உதவும் விதி ஒன்றும் இதில் உண்டு. நாம் பொத்தானைத் தட்டியோ விசையை அழுத்தியோ, அதற்குப் பிறகு 500 மில்லி நொடிக்குள் பக்கம் இடம் மாறினால் அது கணக்கில் வராது, ஏனென்றால் அது நாம் கேட்டு நடந்தது. ‘நகர்வு’ இந்த வேறுபாட்டைக் காட்டாது. நாமாக நகர்த்தினாலும் நகர்வுதான், தானாக நகர்ந்தாலும் நகர்வுதான். ‘நழுவு’ அப்படியில்லை. யாரும் வேண்டுமென்று ஒன்றை ‘நழுவுத்துவது’ கிடையாது. ‘நழுவவிட்டான்’ என்கிறோம், அங்கேயும் பிடி போனதுதான் பொருள்.

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். கருத்து சொல்லுங்கள்.

* * *

தம்பிக்கு,

சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால் இரண்டு தடைகளை எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒன்று, ‘ஸ்லைடு’ எனப்படும் படவில்லையை ‘நழுவம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ள மாட்டார்களா? அடுத்து, எங்கள் கீழக்கரையில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் ‘கழுவுற மீன்ல நழுவுற மீன்’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறவர் என்றுதான் பொருள். அந்த நிழல் இங்கே விழட்டுமா? ‘பக்கச்சரிவு’ என்று வைத்தால் என்ன?

* * *

அம்மாவுக்கு,

‘சரிவு’ பற்றி நானும் யோசித்தேன். ‘இந்த மாதம் தளத்தில் சரிவு’ என்று எழுதினால் வருகை குறைந்தது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்கு அந்த வேலை ஏற்கெனவே இருக்கிறது. படவில்லை குழப்பம் பெரிதாக வராது என்று நினைக்கிறேன்: ‘நழுவம்’ ஒரு பொருளின் பெயர், ‘நழுவல்’ ஒரு நிகழ்வின் பெயர். பழமொழியின் நிழல் விழுந்தால் விழட்டும், அது பொருத்தமாகவே இருக்கிறது. படத்துக்கு அகலம் உயரம் குறிக்காமல் விடுவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதுதானே? ராமேசுவரத்தில் ஒரு விடுதிக்கு நான் செய்த தளத்தில் அறைப் படங்களுக்கு அளவு போடாமல் விட்டேன். படம் வந்து இறங்கியதும் ‘முன்பதிவு’ இருந்த இடத்துக்கு ‘படத்தொகுப்பு’ வந்துவிட்டது. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

தமிழ்த் தளங்களில் எழுத்துருவாலும் நழுவும். முதலில் போனிலுள்ள எழுத்துரு, பிறகு தளத்தின் எழுத்துரு. இரண்டிலும் எழுத்தின் அகலம் வேறு. வரிகள் வேறு இடத்தில் உடைந்து பத்தி நீண்டுவிடும், கீழே உள்ளதெல்லாம் இறங்கிவிடும்.

அப்புறம், கிளைச்சொற்கள் தடையில்லாமல் வருகின்றனவா என்று பார்த்தேன். நழுவல் அளவு, நழுவாப் பக்கம், எழுத்துரு நழுவல் மூன்றும் சிரமமில்லாமல் வந்தன. கூகுள் அளவையின் பெயரில் வரும் ‘கியூமுலேட்டிவ்’ என்பதற்கு ‘மொத்த’ வேண்டாம். 2021-க்குப் பிறகு பக்கத்தின் எல்லா நழுவலையும் கூட்டுவதில்லை. ஒரு நொடிக்குக் குறைந்த இடைவெளியில் அடுத்தடுத்து வருபவற்றை, அதிகம் போனால் ஐந்து நொடிவரை, ஒரு கொத்தாக எடுத்து, இருப்பதில் பெரிய கொத்தையே சொல்கிறார்கள். ‘திரள் நழுவல்’ சரியாக இருக்கும்.

வழிகாட்டிக்கு இந்த வரியை எழுதியிருக்கிறேன்: ‘படம் வரும் முன்பே அதன் அகலமும் உயரமும் தெரிந்தால் உலாவி இடம் பிடித்து வைக்கும், பக்கம் நழுவாது.’ பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே வேலைதான். அந்தக் காலி இடத்துக்கு ‘இடம்பிடி’ என்று பெயர் வைக்கலாமா, அம்மா?